நல்ல வருஷத்துக்குத்தான் புத்தி வேண்டும்

கேள்வி இது: “எனக்கு 27 வயது. சொந்த ஊர் தேனி மாவட்டம் கூடலூர். எர்ணாகுளத்தில் சாஃப்ட்வேர் வேலை. போன மாதம் கம்பெனி மாறினேன், சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இனி வாழ்க்கையைப் புத்திசாலித்தனமாக நடத்த, நீங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பது வேண்டாம்.”

தம்பி, அந்தக் கடைசி வரிக்காகவே எழுத உட்கார்ந்தேன்.

நான் கம்பத்துக்காரன். 34 வருஷம் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதினேன். எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மேலே போனால் கொஞ்ச நேரத்தில் வேறு மாநிலம், வேறு பாஷை, வேறு குளிர். தோட்டம் அங்கே, காய் பறிக்கிற கை இங்கே. ஏலம் மேலே புத்தடியிலும் நடக்கும், கீழே போடியிலும் நடக்கும். மேலே மழை பெய்தால் கீழே ஜவுளிக்கடையில் கூட்டம் தெரியும். அப்படி ஒரு பிழைப்பு.

கஷ்டம் வந்தால் புத்தி சொல்ல ஊரே வரும். நல்ல காலத்தில் ஒருவரும் வரமாட்டார். வந்தாலும் பொறாமையில் பேசுகிறார் என்று நாமே நினைத்துக்கொள்வோம். என் வாழ்க்கையில் விழுந்த அடிகளை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் விதை ஒரு நல்ல வருஷத்தில் விழுந்திருக்கிறது. சம்பளம் இரட்டிப்பான மாதத்தில் நீங்கள் கேட்கிறீர்கள். அதனால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். இடுக்கியில் மலை சரிந்து தோட்டம் தோட்டமாகப் போனது. அடுத்த கோடையில் மழை ஏமாற்றியது. போதாததற்கு உலகத்துக்கே அதிகமாக ஏலக்காய் அனுப்புகிற குவாதமாலாவிலும் அந்த வருஷம் விளைச்சல் குறைவு. காய் இல்லை, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. சராசரி விலை அதைவிட ரொம்பக் குறைவுதான், ஆனால் சராசரியை யார் பேசுவார்கள்? டீக்கடையில் 7,000, முடிதிருத்தும் கடையில் 7,000, கோயில் வாசலில் 7,000.

அந்த வருஷம் எங்கள் ஊரில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்’ என்பார்கள். அது நியாயமான பழமொழி இல்லை என்பது என் கருத்து. குடை பிடித்தவர்களில் அற்பர் யாரும் இல்லை. வருஷக்கணக்காகத் தோட்டத்தில் அட்டைக்கடி பட்டுச் சிக்கனமாக இருந்தவர்கள். மாடி எடுத்தார்கள், கார் வாங்கினார்கள், 300 பேருக்குச் சாப்பாடு போட வேண்டிய கல்யாணத்துக்கு 1,500 பேரை அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரே கணக்கு: இந்த விலை இப்படியே இருந்தால்.

நானும் அதே கணக்குத்தான் போட்டேன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதியவன். 2019 கடைசியில், மேலே கேரளத்தில், வண்டன்மேடு பக்கம் மூன்று ஏக்கர் தோட்டத்தை மூன்று வருஷக் குத்தகைக்குப் பிடித்தேன். கையில் இருந்தது பாதி, மனைவியின் நகையை வைத்து வாங்கியது பாதி. ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்து, தரையில் உட்கார்ந்து அவளுக்குக் கணக்கை விளக்கினேன். ஏக்கருக்கு 300 கிலோ, கிலோ 3,000, கூலி இவ்வளவு, உரம் மருந்து இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. ரொம்ப அழகான தாள் அது. அவள் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே, “ஆயிரத்துக்கு வித்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். “ஏலக்காய் ஆயிரத்துக்கு விக்குமா? நீ எந்தக் காலத்துல இருக்க?” என்றேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லை மூடியது, ஏலம் பல வாரம் நின்றது. என் தோட்டத்துக்கு நானே போக முடியவில்லை. பாஸ் வாங்கிப் போவதற்குள் ஒரு பறிப்பு தவறிவிட்டது. அதற்குள் விலையைப் பார்த்து எல்லோரும் செடி வைத்திருந்தார்கள், காய் பெருகியது. 2021 முடிவதற்குள் விலை ஆயிரத்தைத் தொட்டு அதற்கும் கீழே போனது. 2022-இல் 800, 900 என்று கணக்கு எழுதிய கை இதுதான். என் செலவே கிலோவுக்கு ஆயிரத்தை ஒட்டி நின்றது. பறித்தால் நஷ்டம், பறிக்காவிட்டால் பெரிய நஷ்டம்.

இதில் என் தப்பு எது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். குத்தகை எடுத்தது தப்பில்லை. விலை விழும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. தெரியும் என்று இப்போது சொல்பவர் அப்போது வாயைத் திறக்கவில்லை. தாளில் விலைக்கு ஒரே ஒரு வரி போட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. மூன்று வரி போட்டிருக்க வேண்டும்: இப்போதைய விலை, அதில் பாதி, அதில் கால்வாசி. கால்வாசி வரியில் குடும்பம் தாங்குமா என்று பார்த்திருந்தால் மூன்று ஏக்கர் ஒரு ஏக்கர் ஆகியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். உங்கள் சம்பளத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். ஃபிளாட்டுக்குக் கடன் வாங்குமுன் மாதத் தவணையை இன்றைய சம்பளத்துக்குப் போடுவீர்கள். போன மாதத்துப் பழைய சம்பளத்துக்கும் ஒரு தடவை போடுங்கள். ஆறு மாதம் வேலை இல்லாவிட்டால் என்ன என்று மூன்றாவது வரி.

பணத்தைவிடப் பெரிய தப்பு இன்னொன்று செய்தேன். நஷ்டத்தை எட்டு மாதம் வீட்டில் சொல்லவில்லை. “விலை கொஞ்சம் டல்” என்று சொல்லிச் சமாளித்தேன். நகையை மீட்டுவிட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மைத்துனர் மகள் காதுகுத்துக்குப் போட அவள் நகையைக் கேட்டபோது குட்டு உடைந்தது. அவள் கத்தவில்லை. ஒரு கவரிங் செட் வாங்கிப் போட்டுக்கொண்டு விசேஷத்துக்கு வந்தாள். அந்தப் பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பணம் போனது மூன்று வருஷத்தில் சரியாகிவிட்டது. அவள் என்னிடம் எதையும் முழுதாக நம்பிக் கேட்க அதற்கு மேலும் ஆனது. கெட்ட கணக்கை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும், தம்பி. ஆறவைத்துச் சொன்னால் இனிக்காது.

சரி, மனிதர்களை எடைபோடுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் ஏறினால் சிநேகிதம் ஏறும், அது இயற்கை.

ஏலக்காயில் அளவுக்கு மில்லிமீட்டர் கணக்கு உண்டு. 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் முதல் தரம், அடுத்தது 7-இலிருந்து 8. சல்லடையில் சலித்தால் தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் இதோடு நின்றுவிடுவார்கள்: பெரிய காய், பச்சை நிறம், நல்ல காய். எங்கள் முதலாளி நிறத்தைப் பார்ப்பார், அப்புறம் ஒரு லிட்டர் படியை எடுப்பார். காயைக் கொட்டி, தட்டாமல் குலுக்காமல், மேலே ஒரு குச்சியால் வழித்துவிட்டுத் தராசில் வைப்பார். லிட்டர் வெயிட் என்பது இதுதான். 400 கிராமுக்கு மேல் நின்றால் முகம் மலரும். பார்க்க ராஜா மாதிரி இருக்கிற காய் சில நேரம் 350-இல் நிற்கும். உடைத்தால் உள்ளே அரிசி, அதாவது விதை, சுருங்கியிருக்கும். அவசரத்தில், முற்றுமுன்னே பறித்த காய்.

படியைத் தட்டாமல் வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தட்டினால் காய் இறங்கி எடை கூடிவிடும். நமக்குப் பிடித்த ஆளாக இருந்தால் நாமே படியைத் தட்டிவிடுவோம். “அவன் நல்லவன்தான், அன்னைக்கு ஏதோ டென்ஷன்” என்பது தட்டுவது. “இந்த ஒரு தடவைதான்” என்பதும் தட்டுவது. நான் ஒரு ஆளோடு நெருங்குவதற்கு முன் மூன்று சின்ன விஷயம் பார்ப்பேன்: வாங்கிய ஐந்நூறு ரூபாயைக் கேட்காமல் திருப்பித் தருகிறானா, ஹோட்டலில் தண்ணீர் வைக்கிற பையனிடம் எப்படிப் பேசுகிறான், இல்லாதவரைப் பற்றி என் முன்னால் என்ன சொல்கிறான். இதில் மூன்றாவதுதான் எடை. என்னிடம் மற்றவரைப் பற்றிச் சொல்பவன் மற்றவரிடம் என்னைப் பற்றியும் சொல்வான். இதில் எனக்கு ஒரு தடவைகூடக் கணக்கு பிசகவில்லை.

இதே வரிசையில் ஜாமீன் கையெழுத்து. நல்ல வருஷத்தில் உங்களிடம் கடன் கேட்பதைவிடக் கையெழுத்துக் கேட்பவர் அதிகம். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மாமா” என்பார்கள். சும்மா இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வாங்கியவரை முதலில் துரத்தி முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடச் சொன்னால், அந்தத் தொகையில் நான் இழந்தாலும் முகம் சுளிக்காத அளவை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்து இல்லை என்று சொல்லிவிடுவேன். இரண்டு உறவு இதனால் முறுக்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டு முறிந்த உறவுகளைப் பார்த்தவன் என்பதால் அது எனக்கு லாபம்.

எங்கள் ஸ்டோரில் இருந்த ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற அறை. கடை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைக்காய் ஐந்தாறு கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ நிற்கும். தட்டுகளில் பரப்பி, அடியில் குழாய் வழியாக விறகுச் சூடு கொடுத்து, ஏறக்குறைய ஒரு பகல் ஒரு இரவு வைக்க வேண்டும். சூடு 50 டிகிரியை ஒட்டி நிதானமாக நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே ஏற்றினால் காய் வெடிக்கும், பச்சை போய்விடும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பெரியவருக்குத் தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியும், ஆனாலும் பாதி ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டி ஆவியை மோந்து பார்ப்பார். “இன்னும் தண்ணி பேசுது” என்பார். எனக்கு அப்போது 25 வயது, காலையில் லாரி வந்துவிடும் என்று துடிப்பேன். “லாரிக்கு அவசரம், காய்க்கு என்ன அவசரம்?” என்று பீடியைப் பற்றவைப்பார்.

நான் பெரிய முடிவு எதையும் கேட்ட அன்றைக்கே எடுப்பதில்லை. இது அவரிடமிருந்து வந்தது. ‘இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்’ என்று யார் சொன்னாலும், அது லாரிக்காரன் அவசரம். ஒரு ராத்திரி போகட்டும். (குத்தகையை மட்டும் ஏன் ஒரே நாளில் முடித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் ஊரில் ஒருவருக்கும் தூக்கமே இல்லை.)

அப்புறம், எல்லையில் வாழ்வது கற்றுக்கொடுத்த ஒன்று. நீங்கள் எர்ணாகுளத்தில் இருப்பதால் இது உங்களுக்கு உபயோகப்படும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியது. அப்போது உங்களுக்குப் பள்ளிக்கூட வயது. கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லை பல நாள் மூடிக்கிடந்தது. மேலே வேலைக்குப் போன பெண்கள் பயந்து மலைப்பாதையில் நடந்தே இறங்கினார்கள். இந்தப் பக்கத்திலும் மலையாளிகளின் கடைகள் அடிபட்டன; நம் தப்பை மறைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அணையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் நெல்லும் இல்லை, திராட்சையும் இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சொன்னபோது பட்டாசு வெடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அந்த டிசம்பரில், இரண்டு லாட் காய்க்கு நாங்கள் பணம் கொடுக்க வேண்டியிருந்த ஒரு தோட்டக்காரர், புத்தடிக்குப் பக்கத்து அச்சாயன் (கேரளத்துக் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம்), ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினார். பணத்துக்குத்தான் என்று நினைத்து, எல்லை திறந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்து, “அது பின்னே மதி அண்ணாச்சி. என் லயத்தில உங்க ஆளுங்க ஆறு பேர் இருக்காங்க. சாப்பிட்டாச்சு. வீட்டுல சொல்லிடுங்க” என்றார். மலையாளமும் தமிழுமாகக் கலந்துதான் பேசுவார்; ‘பின்னே மதி’ என்றால் அப்புறம் போதும், லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் தங்குகிற வரிசை வீடு. ஆறு பெயரையும் சொன்னார், நான் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சொன்னேன். அணை விஷயத்தில் அவருக்கும் எனக்கும் இன்று வரை ஒத்துப்போகாது. டிவியில் அந்தப் பேச்சு வந்தால் இருவரும் எழுந்து வெளியே போய்விடுவோம்.

கூட்டத்தின் கோபம் ஒன்று, தெரிந்த மனிதர் வேறு. அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் இந்த மனிதர் மேல் கொட்டாதீர்கள். ஆபீஸில் யாராவது தமிழரை இளக்காரமாக ‘பாண்டி’ என்று சொன்னால் ரத்தம் கொதிக்கும், எனக்கும் கொதித்திருக்கிறது. சொன்ன ஆளிடம், அன்றைக்கே, தனியாகக் கேளுங்கள். மொத்த மாநிலத்தின் மேல் வழக்குப் போடாதீர்கள். மலையாளம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், எழுதப் படிக்கவும் சேர்த்து. கொச்சையாகப் பேசிச் சமாளிப்பது வேறு, பத்திரத்தைப் படிப்பது வேறு. மலையாள எழுத்து தெரியாததால் என் குத்தகைப் பத்திரத்தில் பராமரிப்புச் செலவு யாருடையது என்பதைத் தரகர் சொன்னதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அவர் சொன்னது அரைகுறை.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, 2020-இலிருந்து அதுதான் வரம்பு. சீட்டுப் போடுவதென்றால் பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்துப் போடுங்கள். அந்தப் பக்கம் கேரள அரசே 1969-இலிருந்து சீட்டு நடத்துகிறது (அங்கே சிட்டி என்பார்கள்), இந்தப் பக்கம் தெருவில் நடத்துபவர் நல்ல மனிதர் என்பது பதிவு ஆகாது. கல்யாணத்துக்கு முன்பே மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். 40 வயது வரை ரத்த அழுத்தம் பார்க்காமல் இருக்காதீர்கள், நான் இருந்தேன். அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் குறிப்பிட்ட தொகை அனுப்புங்கள். நினைத்தபோது பெரிதாக அனுப்பினால் அவர்கள் அதைச் செலவு செய்ய மாட்டார்கள், எடுத்துவைத்து உங்களுக்கே திருப்பித் தருவார்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. 2022 கடைசியில் குத்தகை முடிந்தது. தோட்டக்காரர், இன்னும் மூன்று வருஷம் வேண்டுமானால் குறைத்துத் தருகிறேன் என்றார். இந்தத் தடவை தாளை எடுத்தது என் மனைவி. பென்சிலால் மூன்று வரி போட்டாள், கடைசி வரியை என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போடிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அப்புறம் விலை மறுபடி ஏறியது. 2,000-ஐத் தாண்டியது. அந்த நாட்களில் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் 2024 கோடை வந்தது. இடுக்கியில் ஏலச்செடிகள் ஏக்கர் ஏக்கராகக் கருகின. அந்த மூன்று ஏக்கரிலும் பாதி போனது. விலை இருந்தது, காய் இல்லை. அவருக்கு லாபமா நஷ்டமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு அந்தப் போடிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அரை கிலோ காய் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தோட்டத்துக் காய்தான். நான் கை நீட்டுவதற்குள் மனைவி உள்ளே போய் லிட்டர் படியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.